கிருஷ்ணகிரியில் வியாழக்கிழமை ஐந்து மணி

நான் ஓசூருக்குப் போனது ஓர் இயந்திரத்தைப் பார்க்க. மலேசியாவில், ஈப்போவில் நான் வேலை பார்க்கும் பிஸ்கட் தொழிற்சாலை, பாக்கெட் கட்டும் இயந்திரம் ஒன்றை ஓசூரில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்வித்துக்கொண்டிருந்தது. அது ஒழுங்காக ஓடுகிறதா என்று நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கப்பலில் ஏறும். "தமிழ் ஊர்தானே செல்வம், நீயே போய் வந்துவிடு" என்று மேலாளர் சொல்லிவிட்டார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு வயது நாற்பத்தொன்று. குடியை விட்டு நாலு வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது.

இந்தக் கடைசி விஷயத்தை விட்டுவிட்டு இந்தப் பயணத்தை எழுத முடியாது. ஈப்போவில் வாரம் இரண்டு நாள் நான் ஒரு கூட்டத்துக்குப் போவேன். அதற்கு ஒரு பெயர் உண்டு, இங்கே எழுதவில்லை. குடியை விட முடியாமல் தவித்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, முறைவைத்துப் பேசி, இன்று ஒரு நாள் குடிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு கலைந்து போகிற கூட்டம், அவ்வளவுதான். சீனர், தமிழர், ஒரு சீக்கியர் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். கிளம்பும் முன்பு எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: போன இடத்தில் முதல் வேலையாக ஒரு கூட்டத்தைத் தேடிப் பிடி. யாரோ விசாரித்து, பெங்களூரில் ஒரு பள்ளிக்கூட முகவரியைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஞாயிறுதோறும் பத்து மணிக்கு.

ஓசூரில் இறங்கியதும் முதலில் தெரிந்தது குளிர். தமிழ்நாடு என்றால் வெயில் என்று நினைத்துப் பருத்திச் சட்டையாகக் கொண்டுபோயிருந்தேன். பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு லாட்ஜில் அறை. ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒயின் ஷாப். மூடிவிட்டேன்.

பட்டறை முதலாளி சந்திரசேகர் நல்ல மனிதர். சனிக்கிழமை சாயங்காலமே அறைக்கு வந்துவிட்டார். கையில் ஒரு துணிப்பை, பையில் ஒரு புட்டி. "ஃபாரின்ல இருந்து வந்திருக்கீங்க. நம்ம ஊரு குளிருக்கு ஒரு ரவுண்டு போட்டாத்தான் சார் தூக்கம் வரும்."

நாலு வருடத்தில் எத்தனையோ முறை சொல்லிப் பழகிய பதில் என்னிடம் இருந்தது. ஊரில் யார் கேட்டாலும், நான் குடித்துக் கெட்டவன், இப்போது தொடுவதில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். ஆனால் அன்றைக்கு, புது ஊரில், வியாபாரம் பேச வந்த இடத்தில், வாய் வேறு எதையோ சொல்லிவிட்டது. "எனக்கு அல்சர்ங்க."

"அடடா! மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று பதறிப்போய்ப் புட்டியைப் பைக்குள் வைத்தார். "ஹோட்டல் சாப்பாடு வேணாம் சார். எங்க வீட்டுலேயிருந்து காரமில்லாம அனுப்பி வைக்கச் சொல்றேன்." சொன்னபடியே திங்கட்கிழமையிலிருந்து தினமும் மத்தியானம் கேரியர் வந்தது. தயிர்ச்சோறு, குழைந்த பருப்பு, மிளகாய் சேராத கீரை. நான் காரத்திலேயே வளர்ந்த ஆள். ஒரு பொய்க்கு இவ்வளவு தயிரா என்று தின்று தீர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முகவரித் தாளோடு பெங்களூர் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் கொத்தமல்லிக் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர். நடத்துனரிடம் கன்னடத்தில் பேசினார், பின்னால் இருந்தவரிடம் தெலுங்கில் பேசினார், என்னிடம் திரும்பித் தமிழில் "எந்த ஊருங்க?" என்றார். எங்கள் ஊரிலும் ஒரு வாய்க்கு மூன்று மொழி உண்டு. மலாய், சீனம், தமிழ். ஆனால் நாங்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கொஞ்சம் நின்று போவோம். இவர்கள் நிற்பதே இல்லை. "பசியாறிட்டீங்களா?" என்று நான் கேட்டதற்கு அவர் சிரித்தார். காலைச் சாப்பாட்டுக்கு நாங்கள் அப்படித்தான் சொல்வோம் என்றேன். "நல்லாத்தான் கீது" என்றார்.

ஜூஜுவாடி தாண்டி, சோதனைச் சாவடி தாண்டி, கர்நாடகத்துக்குள் அத்திப்பள்ளியில் பஸ்ஸின் பின்சக்கரம் வெடித்தது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். மாற்றுச் சக்கரத்திலும் காற்று இல்லை. கழற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், ஒரு மணி நேரம் ஆகும் என்றார் நடத்துனர். ஆண்களில் பாதிப் பேர் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. சாலையோரமாக வரிசையாகச் சாராயக்கடைகள் இருந்தன. தமிழ்நாட்டுப் பக்கம் சாராயம் கிடையாது, மூடிவிட்டார்கள். எல்லையைத் தாண்டினால் அரசாங்க அனுமதியோடு பாக்கெட்டில் கிடைக்கும். கடித்துத் துப்பிய பாக்கெட் தாள்கள் மண்ணில் மிதிபட்டுக் கிடந்தன.

கொத்தமல்லிக்காரர் என் தோளில் கை போட்டார். "வாங்க, இங்க நின்னு இன்னா பண்ணப்போறீங்க?"

எங்கள் அப்பா ரப்பர்த் தோட்டத்துக் கள்ளுக்கடையிலேயே விழுந்து செத்தவர். அந்த வாசனை வேறு, இது வேறு. ஆனால் மூக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை. கால் நடந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் எனக்கும் சேர்த்து வாங்கி, பாக்கெட்டை முன்னால் வைத்தார். கூடவே அவித்த கொண்டைக்கடலை, ஒரு காகிதத்தில். நான் கடலையைத்தான் முதலில் எடுத்தேன். பிறகு பாக்கெட்டைக் கையில் எடுத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. எந்த ஓரத்தைப் பல்லால் கிழிக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மகளை நினைத்தேனா, மனைவியை நினைத்தேனா என்றால், இல்லை. ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஹாரன் அடித்தது. அந்த வழியாக வந்த இன்னொரு பஸ்ஸை நிறுத்தி, நடத்துனர் எங்களை அதில் ஏறச் சொல்லிக் கத்தினார். கொத்தமல்லிக்காரர் தன்னுடையதை ஒரே மூச்சில் முடித்துவிட்டுக் கட்டுகளைத் தூக்கினார். நான் பாக்கெட்டைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். மன உறுதியால் தப்பினேன் என்று எழுதிக்கொள்ள ஆசைதான். உண்மையில் பஸ் சீக்கிரம் வந்துவிட்டது.

பெங்களூரில் பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்துப் போனால் வாசலில் பூட்டு. சாரம் கட்டி வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். காவல்காரர் ஆம்பூர்ப் பக்கத்து ஆள்.

"அந்தக் கூட்டமா? ரெண்டு மாசமா இங்க இல்லீங்களே. வேற எங்கியோ மாத்திக்கிட்டாங்க. எடம் எனக்குத் தெரியாது."

என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். "கிருஷ்ணகிரியிலேர்ந்து ஒரு பாய் வருவாரு. மாம்பழத்துக்கு மரப்பொட்டி செய்யறவரு. அவ்ளோ தூரம் வர முடியல, நம்ம ஊர்லயே ஆரம்பிக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனாரு. பழையபேட்டைன்னு சொன்ன ஞாபகம்" என்றார்.

திரும்பும்போது அத்திப்பள்ளியில் பஸ் நின்ற இரண்டு நிமிடமும் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அந்த வழியாக இன்னொரு முறை போய்வர எனக்குத் துணிவில்லை. கிருஷ்ணகிரி எதிர்த் திசையில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

திங்கட்கிழமை இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தோம். அதைப் பூட்டி நிறுத்திய ஃபோர்மேனின் பெயர் முனிரத்தினம். ஐம்பது வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், பட்டறையில் தமிழ். வரைபடத்தைப் பார்க்காமலே ஒவ்வொரு பல்சக்கரத்தையும் பெயர் சொல்லி அழைக்கிற மாதிரி விளக்கினார். சுவிட்சைப் போட்டதும் பிஸ்கட்டுகள் வரிசையாக வந்தன, தாள் சுற்றியது, தாளை ஒட்டுகிற சூட்டுத் தாடை இறங்கியது. இரண்டு பாக்கெட்டுக்கு நடுவில் இறங்க வேண்டியது, பிஸ்கட்டின் மேலேயே இறங்கியது. நிமிடத்துக்கு அறுபது பாக்கெட் தூள். பட்டறை ஆட்கள் அள்ளி அள்ளித் தின்றார்கள். சந்திரசேகருக்கு வியர்த்துவிட்டது.

தாடை இறங்கும் நேரத்தை ஒரு மயிரிழை தள்ளி வைக்க வேண்டும், அவ்வளவுதான். முனிரத்தினம் குனிந்து ஸ்பேனரைப் பிடித்தார். நான் பக்கத்தில் நின்றேன். ஸ்பேனர் நட்டின் மேல் தடதடவென்று தட்டியது. அவர் சட்டென்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பத்து மணிக்கு "டீ குடிச்சிட்டு வந்துடறேன் சார்" என்று போனார். பத்தரைக்குத் திரும்பி வந்தபோது கை கல் மாதிரி இருந்தது. வெற்றிலை பாக்கு வாசனை தூக்கலாக இருந்தது. அந்த வெற்றிலை எதற்கு என்று எனக்குத் தெரியும். குடித்த நாட்களில் நான் ஏலக்காய் மெல்லுவேன்.

செவ்வாய் முழுக்க மின்வெட்டு. புதன்கிழமை மறுபடியும் தூள். அன்று சாயங்காலம் சந்திரசேகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்களே சொல்லுங்க சார், முனிரத்தினத்தை மாத்திடட்டுமா? பெங்களூர்ல ஒரு பையன் இருக்கான், ஐ.டி.ஐ. படிச்சவன்." நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த வியாழன் வரைக்கும் பார்ப்போம், ஆளை மாற்றினால் இன்னும் தாமதமாகும் என்றேன். அன்று லாட்ஜில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு எதிர்க்கடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இனித் தள்ளிப்போடக் கூடாது என்று தெரிந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் கிருஷ்ணகிரிக்குப் போனேன். மாங்காய்க் காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பஸ்ஸுக்கு முன்னால் போன லாரியிலிருந்து வழியெல்லாம் காய் உருண்டு விழுந்தது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இரண்டு பெண்கள் இறங்கிப் பொறுக்கிக்கொண்டு ஏறினார்கள். ஓட்டுநரும் பேசாமல் நிறுத்தினார். எனக்கும் ஒன்று தந்தார்கள்.

பழையபேட்டையில் மரப்பெட்டி செய்கிற பாய் என்று கேட்டால் நாலைந்து பேரைக் காட்டினார்கள். என்ன சொல்லி அடையாளம் கேட்பது? ஒரு டீக்கடையில் கடைசியில் உடைத்தே கேட்டுவிட்டேன்: "இங்கே குடிக்கிறவர்கள் கூடுகிற கூட்டம் ஒன்று நடக்கிறதாமே?" டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்குக் கூட்டம் வேறயா? அதோ, அந்தத் திருப்பத்துல. சாயங்காலம் ஆனா நிக்க எடமிருக்காது" என்று ஒயின் ஷாப்பைக் காட்டினார்.

மூன்றாவது பட்டறையில் கரீம் பாய் இருந்தார். ஐம்பத்தைந்து வயது, நரைத்த தாடி, காதில் பென்சில். நாலு பேர் பலகை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய தம்பி போலிருந்த ஒருவர் மேசையில் உட்கார்ந்திருந்தார். பெங்களூர் பள்ளிக்கூடத்தின் பெயரை மட்டும் சொன்னேன். பாயின் முகம் மாறவே இல்லை.

"அப்படி ஒண்ணும் எனக்குத் தெரியாதுங்களே" என்றார்.

வெளியே வந்துவிட்டேன். தெருமுனை வரை நடந்திருப்பேன். பின்னால் சைக்கிள் மணி. பாய் இறங்கி, மூச்சு வாங்க என் முன்னால் நின்றார்.

"எத்தன நாளாச்சு?"

"நாலு வருடம், ரெண்டு மாதம்."

"யா அல்லா" என்றார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பதினாலு மாசம். தம்பி, நாலு வருசம் குடிக்காம இருந்த ஆள நான் நேர்ல பார்த்து ஒரு வருசம் ஆச்சு. அங்க எல்லாரும் இருந்தாங்க, அதான் அப்படிச் சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. கூட்டம் இருக்குது. இன்னிக்குத்தான். அஞ்சு மணிக்கு."

ஒரு சின்ன தேவாலயத்தின் பின்னால், பெண்களுக்குத் தையல் வகுப்பு நடக்கிற அறை. உறை போட்ட தையல் இயந்திரங்களை ஓரமாகத் தள்ளி, மர நாற்காலிகளைப் பாய் வட்டமாகப் போட்டார். ஆறு நாற்காலி. "நம்ம ஆளுங்ககிட்ட எடம் கேக்க எனக்கு வெட்கம். இந்த ஃபாதர் கிட்ட வந்து நின்னேன். எதுக்குன்னுகூடக் கேக்கல, சாவியக் குடுத்துட்டாரு."

"எத்தனை பேர் வருவாங்க?"

"ஆரம்பத்துல நாலு பேரு. அப்புறம் ரெண்டு. இப்ப ஏழு வாரமா நான் மட்டும்தான்."

எனக்குப் புரியவில்லை. "நீங்க மட்டும்னா? என்ன செய்வீங்க?"

"கதவத் தொறப்பேன். நாற்காலி போடுவேன். புத்தகத்துல படிக்க வேண்டியத சத்தமா படிப்பேன். என் பேரு கரீம், நான் குடிநோயாளின்னு சொல்லுவேன். என்ன நடந்துச்சுன்னு பேசுவேன். ஆறு மணிக்குப் பூட்டிட்டுப் போயிடுவேன்." வேறொரு ஆளைப் பற்றிப் பேசுவது போல் சொன்னார். "யாராவது வந்து பார்த்து, கதவு பூட்டியிருந்தா? அவன் மறுபடி வருவானா?"

அன்று நாங்கள் இரண்டு பேர். பாய் படித்தார். பிறகு நான் பேசினேன். நாலு வருடத்தைப் பற்றிப் பேசவில்லை. அத்திப்பள்ளி பெஞ்சைப் பற்றிப் பேசினேன். பாக்கெட்டின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். அல்சர் பொய்யைச் சொன்னேன். பிறகு, எங்கே போனாலும் ஒரு முறை சொல்லியாக வேண்டியதையும் சொன்னேன்: மகளைப் பள்ளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் கூட்டிவரும் வழியில், ஐந்து நிமிடம் என்று கடைக்குள் போனது, அவள் உச்சி வெயிலில் புத்தகப் பையோடு வண்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் நின்றது, ஒரு போலீஸ்காரர் அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டது. அவளுக்கு அப்போது ஆறு வயது. வண்டி விழுந்துவிடக் கூடாதென்று பிடித்துக்கொண்டிருந்தாளாம்.

பாய் குறுக்கே பேசவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. முடிந்ததும் தன்னுடையதைச் சொன்னார்.

"என் மக கல்யாணத்தன்னிக்கு என் தம்பிங்க என்ன பொட்டி குடோன்ல வெச்சுப் பூட்டிட்டாங்க. மைக்ல நிக்காஹ் ஓதறது எனக்குக் கேக்குது. பொட்டி மேல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன். அவங்க செஞ்சது தப்பில்ல தம்பி. நான் போயிருந்தா கல்யாணம் நின்னிருக்கும். மறுநாள் கதவத் தொறந்தாங்க. வெளிய வந்து நான் கேட்ட மொதக் கேள்வி, கடை தொறந்திருக்குதான்னு." தாடியைத் தடவிக்கொண்டார். "கேட்டது என் தம்பி பொண்டாட்டிகிட்ட. அவ அழுதுட்டா. அதுக்கப்புறந்தான் பெங்களூர் பஸ் ஏறினேன்."

ஆறு மணிக்குப் பூட்டினோம். பாய் என்னை ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். "அல்சர்காரருக்கு என்ன வேணும்?" என்று சிரித்தார். மிளகு தூக்கலாகப் போட்ட ஆட்டுக்கறிக் குழம்பும் பரோட்டாவும் தின்றேன். நாலு நாள் தயிருக்குப் பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது.

வெள்ளிக்கிழமை முனிரத்தினத்திடம் பேசினேன். பட்டறைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி பக்கம், ஒன்பது மணிக்கு. அவர் கைகளைத் தொட்டி நீருக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

"முனிரத்தினம், எனக்கு அல்சர் கிடையாது."

"தெரியும் சார்" என்றார். "அல்சர்காரரு பஸ் ஸ்டாண்டு கடையில மொளகா பஜ்ஜி துண்ணுவாரா? செவ்வாக்கெழம பார்த்தேனே."

"நான் குடிச்சு அழிஞ்சவன். அதான் தொடறதில்லை. காலையில கை எப்படி ஆடும்னு எனக்குத் தெரியும். கிருஷ்ணகிரியில ஒரு கூட்டம் இருக்கு. அடுத்த வியாழக்கிழமை நான் போறேன். என்கூட வாங்க."

அவர் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். முகம் கறுத்துவிட்டது. "என்னப் பார்த்தா குடிகாரன் மாரியா தெரியுது? இருவத்தெட்டு வருசம் சார். ஒரு நாளு லேட்டா வந்ததில்ல. மொதலாளிகிட்ட சொல்லப்போறீங்களா? சொல்லுங்க. போய்ச் சொல்லுங்க." கையைத் துடைக்காமலே போய்விட்டார். அன்று அப்புறம் என்னிடம் பேசவில்லை. சனிக்கிழமை வேலைக்கே வரவில்லை.

இருபத்தெட்டு வருடத்தில் வராத முதல் நாள் அது என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். ஞாயிறு முழுக்க ஓசூரில் சுற்றினேன். மலைக்கோயில் படியேறினேன், இறங்கினேன். ஒரு மனிதருக்கு உதவுகிறேன் என்று அவர் தலை நிமிர்ந்து நிற்க இருந்த ஒரே காரணத்தையும் தட்டிவிட்டேனோ என்று இருந்தது.

திங்கட்கிழமை வந்துவிட்டார். வணக்கம் சொன்னார், வேலையைத் தொடங்கினார். தாடையின் நேரத்தைச் சரிசெய்கிற நுணுக்கமான வேலை அவரைத் தவிர யாராலும் ஆகாது. அவர் கை நிதானமாக இருப்பது பத்தரையிலிருந்து ஒரு மணி வரை. அந்த நேரத்துக்குள்தான் அதைச் செய்ய வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமலே ஒத்துக்கொண்டோம். மூன்று நாள் அப்படி நடந்தது. நான் விளக்கைப் பிடித்தேன், அவர் திருகினார். புதன்கிழமை பன்னிரண்டரைக்கு ஒரு பாக்கெட் முழுசாக வந்து விழுந்தது. பிறகு இன்னொன்று. ஒரு மணி நேரம் ஓட விட்டோம். ஒன்றுகூட உடையவில்லை. பட்டறை ஆட்களுக்குத்தான் ஏமாற்றம். சந்திரசேகர் அங்கேயே தேங்காய் உடைத்தார். நான் தாள்களில் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் வியாழன். மத்தியானம் லாட்ஜ் வாசலில் முனிரத்தினம் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய்.

"கிருஷ்ணகிரிக்குத்தானே போறீங்க? எனக்கும் அங்க ஒரு வேல கீது. நீங்க ஊருக்குப் புதுசு. துணைக்கு வரேன்."

என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் இரண்டு பேருக்கும் நின்றுகொண்டு போகத்தான் இடம் கிடைத்தது. சூளகிரிக்கு அந்தப் பக்கம் டீசல் தீர்ந்து பஸ் நின்றது. ஓட்டுநர் கேனோடு ஒரு லாரியைப் பிடித்துப் போய்வர முக்கால் மணி நேரம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "எத்தன மணிக்கு சார் கூட்டம்?" என்றார் முனிரத்தினம். அஞ்சு என்றேன். இறங்கிப் போய், எதிரே வந்த ஒரு டெம்போவை நிறுத்தி, தெலுங்கில் ஏதோ பேசி, வண்டியைத் திருப்ப வைத்து, என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். தக்காளிக் கூடைகளுக்கு மேல் உட்கார்ந்துகொண்டு போய்ச் சேர்ந்தோம். "அவன்கிட்ட என்ன சொன்னீங்க?" "ஆஸ்பத்திரிக்குப் போற கேஸுன்னேன்."

ஐந்தேகால். கதவு திறந்திருந்தது. உள்ளே ஆறு நாற்காலி வட்டத்தில், கரீம் பாய் ஒருவராக உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிறுத்தினார். பிறகு முதலிலிருந்து தொடங்கினார்.

முனிரத்தினம் உள்ளே வரவில்லை. வாசற்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். பாய் எழுந்து போய் அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வாசனை பாய்க்கும் தெரிந்திருக்கும். "அண்ணே, இன்னிக்குக் குடிச்சிருந்தா பரவால்ல. பேச வேணாம், கேட்டுக்கிட்டு இருங்க. உள்ளதான் ஃபேன் இருக்குது" என்றார். முனிரத்தினம் தலையை மட்டும் ஆட்டினார், எழுந்திருக்கவில்லை.

நான் பேசினேன். அப்பாவைப் பற்றிப் பேசினேன். பிறகு பாய் பேசினார். குடோனைப் பற்றி, மைக்கில் கேட்ட நிக்காஹ் பற்றி, போன வாரம் சொன்னதையேதான் சொன்னார். கடை திறந்திருக்கிறதா என்று கேட்ட இடம் வந்தபோது, நாற்காலி தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. முனிரத்தினம் உள்ளே வந்து, வட்டத்தில் இருந்த ஒரு நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்திருந்தார்.

ஆறு மணி ஆயிற்று. வேறு யாராவது பேச வேண்டுமா என்று பாய் வழக்கப்படி கேட்டார். ஏழு வாரம் வெறும் நாற்காலிகளைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. முனிரத்தினம் தொண்டையைக் கனைத்தார்.

"என் பேரு முனிரத்தினம்" என்றார். "நானு... சாருக்குத் துணையா வந்தேன்."

"நல்லதுண்ணே. வந்தது சந்தோசம்" என்றார் பாய்.

அவ்வளவுதான் அன்றைக்குப் பேசினார். நாற்காலிகளை அடுக்கும்போது மட்டும், ஒன்றின் கால் ஆடுவதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு ஆப்பு அடிச்சா சரியாப் பூடும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஓசூர் நெருங்கும்போது முனிரத்தினம் கேட்டார்.

"நீங்க நாளைக்குக் கெளம்பறீங்க இல்ல?"

"ஆமா."

"அப்போ அடுத்த வாரம் அந்த பாய் தனியாத்தான் உக்காந்திருப்பாரா?"

"யாரும் வரலைன்னா, ஆமா. தனியாத்தான் உக்காந்து படிப்பாரு."

"வயசான மனுசன். அது நல்லா இல்ல சார்" என்றார்.

மூன்று மாதம் கழித்துக் கரீம் பாயிடமிருந்து ஈப்போவுக்கு ஒரு கடிதம் வந்தது. முனிரத்தினம் அடுத்த வியாழன் வந்தார்; அதற்கடுத்த வாரமும் வந்தார். பிறகு இரண்டு வாரம் வரவில்லை. வந்தபோது கன்னத்தில் காயம் இருந்தது, எதுவும் சொல்லவில்லை. பாய் அவரை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார். ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்று பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்களாம். கடிதம் எழுதிய அன்று அவர் கடைசியாகக் குடித்து முப்பத்தாறு நாள் ஆகியிருந்தது. பாய் இப்படி முடித்திருந்தார்: "போன வியாழக்கிழமை எனக்குக் காய்ச்சல். போக முடியவில்லை, பையன் ஒருவனிடம் சாவியைக் கொடுத்தனுப்பினேன். ஏழு மணிக்கு முனிரத்தினம் என் வீடு தேடி வந்து சாவியைத் திருப்பிக் கொடுத்தார். யாரும் வரவில்லை, நானே படித்தேன் என்றார். எழுத்துக் கூட்டித்தான் படித்தாராம். ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தாராம்."